மேட்டு வயலின் விளைச்சல்

புது டில்லி
2-12-1959

அன்புள்ள அக்காவுக்கு,

தாயுமானவன் வணங்கி எழுதுவது. மூன்று வருஷமாக எழுதாதவன் இப்போது எழுதினால் ஏதோ காரியம் இருக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

தை அறுப்பு சமயத்தில் நம் ஊருக்கு ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருவார். ஜில்லாவில் சில ஊர்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்திருக்கிறார்கள், மேலப்படுகை அதில் ஒன்று. அவர் கையில் ஒரு சர்வே நம்பர் இருக்கும். அந்த வயலில் நாலு முளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றுக்குள் இருக்கிற கதிரை மட்டும் அறுத்து அடித்து எடை போடுவார். அப்படி ஊர் ஊராக எடுத்த எடையை வைத்துத்தான் ஜில்லாவில் இவ்வளவு விளைந்தது என்று முடிவு செய்து எங்கள் இலாகாவுக்கு அனுப்புகிறார்கள். வருகிறதைக் கூட்டி அட்டவணை போடுவது என் வேலை.

இந்த வருஷம் நம் பெருவயலின் நம்பர் விழுந்திருக்கிறது. அவரை அந்த வயலுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். ஊரில் வழக்கமாக என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு வருஷம் அது வேண்டாம். மற்ற வீடுகளிலும் சொல்லிவையுங்கள்.

ஏன் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. அத்தானின் காரியத்துக்கு வந்தபோது நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி
தாயுமானவன்


மேலப்படுகை, ஸ்ரீரங்கம் வழி
19-12-1959

தம்பி தாயுமானவனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அக்காவுக்கு உடம்பு எப்படி என்று ஒரு வரி இல்லை. வயலைக் கேட்கிறாய். சர்க்கார் சம்பளம் வாங்கினால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

ஊரில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாமல் என்ன, நீயும் அந்த நெல்லைத் தின்று வளர்ந்தவன்தானே. இன்ஸ்பெக்டர் வந்தால் தண்ணீர் ஏறாத மேட்டு வயலைக் காட்டி, நீங்கள் கேட்ட நம்பர் இதுதான் என்போம். கணக்குப்பிள்ளை தலையை ஆட்டுவார். பெருவயலைக் காட்டினால் அடுத்த மாதம் லாரி வந்து நிற்கும், ஏக்கருக்கு இத்தனை மூட்டை சர்க்காருக்கு அளந்து கொடு என்று. இனிமேல் சர்க்காரே நெல் வியாபாரம் பண்ணப்போகிறது என்று பேப்பரில் வேறு போட்டிருக்கிறதாம். இந்த நேரத்தில் நீ எழுதுகிறாய், உள்ளதைக் காட்டுங்கள் என்று.

யுத்த காலத்தில் நடந்ததை நீ மறந்திருக்கலாம். காலேஜ் லீவுக்கு வந்திருந்தாய். சப்ளை ஆபீசர் வாசலில் நின்று உன்னிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டான், நீயும் இங்கிலீஷில் பதில் சொன்னாய். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகன் துரை மாதிரி பேசுகிறானே என்று சிரித்துக்கொண்டு நின்றார். அவர் சிரித்துக்கொண்டு இருக்கும்போதே ஆட்கள் நேராக வைக்கோல் போருக்குப் போய் உள்ளே இருந்த மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். அப்பாவை மூன்று நாள் திருச்சியில் உட்கார வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம்தான் உயிரோடு இருந்தார். அந்த ஒன்றரை வருஷத்தில் உன்னிடம் எத்தனை தடவை பேசினார்?

காரணம் சொல்ல அனுமதி இல்லை என்கிறாய். அன்றைக்கும் எங்களுக்குப் புரியாத பாஷையில்தான் பேசினாய்.

அகிலாண்டம்


புது டில்லி
4-1-1960

அக்கா,

அந்த ஆபீசர் என்ன கேட்டார் என்று இத்தனை வருஷத்தில் நீங்கள் யாரும் என்னைக் கேட்டதில்லை. "நீங்கள் படித்தவர், பொய் சொல்ல மாட்டீர்கள்" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. பெருமையில் சொல்லிவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இது லாரி சமாசாரம் இல்லை, கப்பல் சமாசாரம். தூர தேசம் ஒன்றில் விற்க முடியாத தானியம் மலையாகக் கிடக்கிறது. அதை நமக்கு அடிமாட்டு விலைக்குத் தர அந்த அரசாங்கம் தயாராக இருக்கிறது. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் அது வேண்டும், நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு வரலாம், எப்போது வரலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் அறுப்பு நேரத்தில் அந்த மூட்டைகள் மார்க்கெட்டுக்கு வந்து இறங்கினால் உங்கள் நெல்லை யார் தொடுவார்கள்?

அதனால் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து கேட்கப் போகிறோம். தை முதல் சித்திரை வரை, தன் சாப்பாட்டுக்குத் தானே விளைவிக்கிற ஜில்லாக்களில் வெளிநாட்டுத் தானியம் இறங்கக்கூடாது. திருச்சியும் தஞ்சாவூரும் அப்படிப்பட்ட ஜில்லாக்கள் என்று நாம் காட்ட வேண்டும். காட்டுவதற்கு இன்ஸ்பெக்டரின் கயிற்றைத் தவிர என் கையில் வேறு ஒன்றும் இல்லை.

நம்ப வேண்டும் அக்கா. இந்த ஒரு தடவை.

தாயுமானவன்


மேலப்படுகை
8-2-1960

தம்பிக்கு,

இன்ஸ்பெக்டர் வந்து போனார். நல்ல மனுஷன், வெயிலில் வந்ததால் முகம் கறுத்துப்போயிருந்தது.

உன் இரண்டாவது கடிதத்தை நான் எரிக்கவில்லை, கணக்குப்பிள்ளையிடமும் நாலு பேரிடமும் விஷயத்தை மட்டும் சொன்னேன். கணக்குப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? "கப்பலாவது ஒண்ணாவது. தம்பியை முன்னாடி விட்டு ஊரை அளக்கப் பாக்கறாங்கம்மா. நீங்க பெருவயலைக் காட்டுனா, நாளைக்கு மத்தவங்க வயலுக்கும் அதே கணக்குதான் வரும். பாவத்தை நீங்க சுமப்பீங்களா?" எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்குப் பார்த்த அதே முகங்கள்.

மேட்டு வயலுக்குத்தான் போனோம். வரப்பில் நடக்கும்போது அவர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பிரித்தார். மூக்கன், நம் பண்ணையாள், "ஐயா இந்தப் பக்கம் பாம்பு இருக்கு, பாத்து வாங்க" என்றான். அதற்குப் பிறகு அவர் தரையைப் பார்த்தாரே தவிர வரைபடத்தைப் பார்க்கவில்லை. பெருவயலில் ஏக்கருக்கு இருபத்திரண்டு மூட்டை காண்கிற கிச்சிலிச் சம்பா கதிர் சாய்ந்து நிற்கிறது, இவர் மேட்டில் முளை அடித்துக்கொண்டு இருந்தார். பாதி பதர். ஏக்கருக்குப் பத்து மூட்டை என்று எழுதிக்கொண்டார். பிறகு வாழைப்பூ வடையோடு இலை போட்டேன், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஊரே சிரிக்கிறது. நானும் சிரித்தேன். ஒரு வயலை நாங்கள் மறைத்ததாலா உன் கப்பல் வந்து இறங்கிவிடப் போகிறது?

அகிலாண்டம்


புது டில்லி
27-5-1960

அக்காவுக்கு,

பேச்சு நடந்த ஊரிலேயே இதை எழுதினேன். தபால் முத்திரையைப் பார்த்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்று டில்லிக்கு வந்து போடுகிறேன்.

ஒரு வயல் என்று எழுதியிருந்தீர்கள். தந்தியில் வரவழைத்த அட்டவணையைப் பார்த்தேன். நம் ஆற்றங்கரையில் சீட்டு விழுந்த ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு மேட்டு வயல் இருந்திருக்கிறது. எல்லா ஊரிலும் பத்து, ஒன்பது, பதினொன்று. ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துச் செய்யவில்லை. எல்லாருக்கும் ஒரே பயம், ஒரே தந்திரம், அவ்வளவுதான்.

நீளமான மேஜை. முன்வரிசையில் எங்கள் தலைவர், பின்வரிசையில் காகிதப் பெட்டியோடு நான். எங்கள் பக்கம் ஷரத்தைப் படித்து முடித்ததும் எதிர்ப்பக்கத்தில் ஒருவர், வெள்ளை முடி, மெல்லிய குரல், நாம் அச்சடித்துக் கொடுத்த அட்டவணையையே பிரித்தார். "உங்கள் கணக்குப்படி இந்த ஜில்லாக்கள் அறுப்பு மாதத்தில்கூட தங்களுக்குத் தாங்களே சோறு போட்டுக்கொள்ள முடியாது. அந்த மாதத்தில் கதவை மூடச் சொல்கிறீர்கள். பட்டினி போடவா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார்.

தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இந்த எண்கள் சரிதானா?"

தவறு என்று சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். உங்கள் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்திருந்தால் நீங்களும் கணக்குப்பிள்ளையும் மூக்கனும் கோர்ட்டில் நின்றிருப்பீர்கள். "சரிதான் சார்" என்றேன்.

அந்த வெள்ளை முடிக்காரர் எழுந்து, உங்கள் புள்ளிவிவரங்களின் நேர்மையைப் பாராட்டுகிறோம் என்றார். மறுநாள் ஷரத்து இல்லாமல் கையெழுத்தாகிவிட்டது.

எனக்குத் தூக்கம் வருவதில்லை. உங்கள் மேல் கோபமா, என் மேலா என்று தெரியவில்லை.

தாயுமானவன்


மேலப்படுகை
9-6-1960

தம்பி,

உன் கடிதங்கள் மூன்றையும் அடுப்பில் போட்டேன். என்னுடையதை நீயும் போட்டுவிடு.

அன்றைக்கு வாய் திறந்தாய் என்று பதினாறு வருஷம் உன்னைத் திட்டினேன். இப்போது எனக்காக வாயை மூடினாய் என்கிறாய். எரிப்பதற்கு முன் இரண்டு நாள் அந்தக் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீ சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும். கணக்குப்பிள்ளையிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. "இப்ப சொல்லி என்னம்மா செய்யறது" என்று எழுந்து போய்விட்டார்.

ஒருமுறை ஊருக்கு வந்துவிட்டுப் போ. சண்டை போடமாட்டேன்.

அக்கா


மேலப்படுகை
21-2-1962

தம்பிக்கு,

நீ சொன்னது வந்து சேர்ந்துவிட்டது. போன தை அறுப்பிலேயே விலை ஆட்டம் கண்டது. இந்தத் தையில் காந்தி மார்க்கெட்டுக்கு நெல்லை ஏற்றிப் போனால், அப்பா காலத்திலிருந்து நம் நெல்லை வாங்குகிற காஜா மைதீன் வண்டியை இறக்கவே விடவில்லை. "கோவிச்சுக்காதீங்கம்மா. போன வருஷத்து மூட்டையே இன்னும் குடோன்ல கிடக்கு. மெட்ராஸ்ல கப்பல் வரிசையா நிக்குது. உங்க நெல்லை வாங்கி நான் யாருக்கு விக்கிறது?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரி இல்லை. வண்டியை அப்படியே திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தோம்.

ஸ்ரீரங்கத்தில் கடையில் கோதுமை கொடுக்கிறார்கள். மூக்கன் பெண்டாட்டி காளியாயி வாங்கி வந்து அரிசி மாதிரி உலையில் போட்டு வடித்தாள். வேகவே இல்லை. இப்போது இடித்துக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டுவிட்டாள். நெல் அறுக்கிற ஊரில் கூலிக்காரர்கள் கோதுமைக் கஞ்சி குடிக்கிறார்கள், அதுதான் விலை குறைவாம்.

ஊரில் பாதிப் பேர் வாழைக்கு மாறிவிட்டார்கள். நானும் பெருவயலில் பூவன் கன்று வைக்கப் போகிறேன். நெல் போட்டால் அறுப்புக் கூலிகூட நிற்காது. இதில் உனக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?

அகிலாண்டம்


புது டில்லி
14-7-1965

அன்புள்ள அக்காவுக்கு,

போன கோடையில் வந்தபோது பெருவயலில் நின்று வாழைத்தாரை எண்ணிக் காட்டினீர்கள். அப்போது சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. ஊரில் ஒரு குழி நிலத்திலாவது நெல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

எதிர்ப்பக்கத்தில் குரல் மாறியிருக்கிறது. இனிமேல் வருஷக் கணக்கில் ஒப்பந்தம் கிடையாதாம். மாதாமாதம் பார்த்து அனுப்புவார்களாம். அதற்கு என்னென்னவோ கேட்கிறார்கள். எழுத முடியாதவை. மழையும் சரியாக இல்லை, மேட்டூரில் தண்ணீர் கம்மி என்று பார்த்தேன்.

இந்தச் சம்பாவில் பெருவயலில் பாதியாவது நெல் நடுங்கள். விலையைப் பார்க்காதீர்கள். சாப்பாட்டுக்கு.

தாயுமானவன்


மேலப்படுகை
30-10-1965

தம்பிக்கு,

நாற்று விட்டோம். ஐப்பசியில் கொள்ளிடத்தில் மணல் பறக்கிறது, காவேரியில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடுகிறது. வாய்க்காலில் ஏறவில்லை. நாற்று மஞ்சளாகி நின்று போயிற்று. வாழை இலை எல்லாம் கருகி மடிந்து தொங்குகிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் உறவுக்காரர்களிடம் நெல் இருக்கிறது. ஜில்லா தாண்டிக் கொண்டுவரக்கூடாது என்று சாலையில் மறிக்கிறார்கள். ஊர் முழுக்க ரேஷன் கடையை நம்பி இருக்கிறோம். வாரத்துக்கு ஒரு நாள் திறக்கிறார்கள். உறையூரிலிருந்து நெசவுக்காரக் குடும்பங்கள் தொழில் இல்லாமல் இந்தப் பக்கம் வந்து, வாழைக்கிழங்கைத் தோண்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். நேற்று ஒரு பெண் கேட்டாள், வள்ளிக்கண்ணு என்று பேர், இடுப்பில் குழந்தை. எடுத்துக்கொள் என்றேன்.

அடுத்த வாரம் கடையில் சரக்கு வருமா என்று உனக்குத் தெரியுமா? இங்கே யாருக்கும் தெரியவில்லை.

அகிலாண்டம்


புது டில்லி
3-2-1966

அக்கா,

ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்த இரண்டாம் வருஷம் மனசு கேட்காமல் என் மேலதிகாரியிடம் போய், ஊர்களில் விளைச்சலைக் குறைத்துத்தான் காட்டுவார்கள், பாதியை மறைப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். ஊர் பெயர், ஆள் பெயர் சொல்லவில்லை. இனிமேலாவது சரியான கணக்கு வரட்டும் என்று நினைத்தேன். அவர் நன்றி சொன்னார். அன்றிலிருந்து கிராமங்களிலிருந்து என்ன எண் வந்தாலும், என் அட்டவணை மேலே போன பிறகு அதை இரண்டால் பெருக்கிவிடுகிறார்கள். எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

இப்போது கப்பல்களை அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்கிற விலைக்கு உரம் விற்க நாம் அனுமதிக்க வேண்டும், இன்னும் சிலவற்றுக்கும் தலையாட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில், கிராமங்களில் நாற்பது நாளுக்குக் கையிருப்பு இருக்கிறது, அதுவரை பொறுத்துப் பேரம் பேசலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாற்பது என்பது பெருக்கி வந்த எண். இல்லை என்று சொன்னேன். "அவங்க எப்பவும் இல்லைன்னுதான் சொல்லுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

நம் ஊரில் எத்தனை நாளுக்குத் தானியம் இருக்கிறது? உள்ளது உள்ளபடி எழுதுங்கள். தந்தி வேண்டாம், வழியில் பத்துப் பேர் படிப்பார்கள், கையிருப்பு இவ்வளவுதான் என்று எதிர்ப்பக்கம் தெரிந்துவிட்டால் கழுத்தில் கையை வைத்துவிடுவார்கள். கடிதமாகவே எழுதுங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மந்திரியைப் பார்ப்பேன். இந்த முறை கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கமாட்டேன்.

தாயுமானவன்


மேலப்படுகை
8-2-1966

தம்பி தாயுமானவனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ செய்ததற்கு உன்னைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நாங்கள் மறைக்காமல் இருந்திருந்தால் நீ காட்டிக் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது.

நேற்று மத்தியானமே கணக்குப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். எழுபத்தொரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பானையையும் நெற்குதிர்களையும் நானே திறந்து கைவிட்டுப் பார்த்தேன். யாரும் வாசலை மறிக்கவில்லை. உள்ளே போங்கம்மா, நல்லாப் பாருங்கம்மா என்றார்கள். சில வீட்டில் பரணில் ஏறிப் பார்க்கச் சொல்லி ஏணியும் கொண்டுவந்து வைத்தார்கள். வைக்கோல் போரைக் குத்திப் பார்க்கலாம் என்றால் ஊரில் வைக்கோல் போரே இல்லை. இருபத்தாறு வீட்டில் ஒன்றும் இல்லை. காளியாயி வீட்டில் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள், அதற்குள் ஏதாவது இருந்தால் அவமானம் என்கிற மாதிரி. நம் வீட்டில் ஒரு மூட்டை கோதுமை இருக்கிறது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

இருப்பவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு வேளைக் கஞ்சி என்று கணக்குப் போட்டோம். கணக்குப்பிள்ளை மூன்று தடவை சரிபார்த்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் ஊருக்காக எழுதியதில் இதுதான் உண்மையான எண் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கீழே எல்லா வீட்டுக் கைநாட்டும் இருக்கிறது.

ஒன்பது நாள்.

உன் மந்திரியிடம் சொல், இதை இரண்டால் பெருக்க வேண்டாம். தபால் உன் கைக்கு வர நாலு நாள் ஆகிறது, அதைக் கழித்துக்கொள்ளச் சொல்.

அக்கா
அகிலாண்டம்